அறுபத்திரண்டு மில்லி இடப்பக்கம்

என் தம்பி பெண்டாட்டியைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது. நாத்தனார் நான். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே குளியலறை. அவள் காயப்போட்ட துணியை நான் மறுபடி எடுத்து உதறிக் காயப்போடுவேன். நான் அடுக்கிய பாத்திரத்தை அவள் ஓசைப்படாமல் இடம் மாற்றுவாள். பெரிய சண்டை என்று எதுவும் வந்ததில்லை. இந்த உதறலும் அடுக்கலும்தான் எங்கள் பேச்சுவார்த்தை.

அவள் பஸ் டிப்போவில் கிளார்க். எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எந்தக் கண்டக்டருக்கு எந்த ஷிப்ட் என்று காலை ஐந்து மணிக்கெல்லாம் போய்ப் பட்டியல் போட வேண்டும். நூற்றுப்பத்து டிரைவர்கள். அதில் பாதிப் பேர் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு லீவு கேட்பார்கள், மீதிப் பேர் வேறு வண்டி கேட்பார்கள். யாரிடமும் எரிந்து விழ மாட்டாள். மிச்சம் வைத்த கோபத்தை எல்லாம் என்ன செய்கிறாள் என்று நான் யோசித்ததுண்டு. சனிக்கிழமையானால் துப்பாக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரைஃபிள் கிளப்புக்குப் போய்விடுவாள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் டிப்போ ஆட்களை எல்லாம் பொழுதுபோக்குக்கு என்று ஒருநாள் அந்தக் கிளப்புக்கு அழைத்துப் போனார்கள். ஆளுக்குப் பத்துக் குண்டு கொடுத்தார்கள். எல்லோரும் சுட்டுவிட்டுச் சிரித்துவிட்டு வந்துவிட்டார்கள், இவள் மட்டும் வரவில்லை. ஆறு மாதத்தில் கிளப் அணியில் சேர்ந்தாள். கிளப்புக்குச் சொந்தமான ஒரு பாயிண்ட் டூ டூ ரைஃபிளை இவள் பெயருக்கு ஒதுக்கினார்கள். நடு வளையமான பத்தில் அடிக்கடி போடுவதால் அங்கே இவளுக்குப் பெயரே பத்தக்கா. வீட்டில் எனக்கென்று ஒரு அலமாரி கிடையாது. அந்தத் துப்பாக்கிக்கு உண்டு, இரும்பில், பூட்டோடு, சுவரில் போல்ட் அடித்து. சனிக்கிழமை வீடு கூட்டித் துடைப்பது யார் தலையில் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ரைஃபிள் எப்போது வீட்டை விட்டுப் போகும் என்று நான் வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

போன வருஷம் ஒருநாள் டிப்போவிலிருந்து மத்தியானமே வந்துவிட்டாள். பட்டியலில் எந்த வண்டி எண்ணைப் பார்த்தாலும் அந்த எண் மட்டும் காணாமல் போகிறது, சுற்றி உள்ளதெல்லாம் தெரிகிறது என்றாள். தம்பி பம்பு கம்பெனியில் லேத் ஆபரேட்டர், ஷிப்டில் இருந்தான். நான்தான் கண் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரி, பொறுமையாகச் சொன்னாள். வலது கண்ணின் உள்ளே நடுப்பகுதி கெட்டுவிட்டது, திரும்பாது. இடது கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த நோய் வந்தவர்களில் சிலருக்கு அடுத்த கண்ணிலும் வரும். யாருக்கு, எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ பார்க்கிற இடம் மங்கினாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும்.

வெளியே வந்ததும் வராண்டாவில் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அண்ணி, வலது கண்ண மட்டும் அவர்கிட்ட சொல்லிக்கலாம். இடது கண்ணப் பத்தி வேண்டாம். நீங்களும் சொல்லக் கூடாது.”

சரி என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது? என் தம்பி சும்மாவே அதிகம் பேசாதவன், இதைக் கேட்டால் மொத்தமாக வாயை மூடிவிடுவான் என்று எனக்கும் தோன்றியது. அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் குளியலறைக்குள் போனால் சற்று நேரம் தண்ணீர் சத்தம் கேட்காது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர் டைல்ஸின் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இதற்கு நடுவில் கிளப்பின் வருஷாந்தரத் தகுதித் தேர்வு நெருங்கியது. ஐம்பது மீட்டர் தூரம், படுத்துச் சுட வேண்டும், அறுபது குண்டு, அறுநூறு புள்ளி. ஐந்நூற்று அறுபது எடுக்காதவர்கள் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அணியிலிருந்து விலக வேண்டும். இத்தனை வருஷம் இவள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியவள். இப்போது நாலு மாதம்தான் இருந்தது. விட்டுத் தொலையேன் என்று நான் சொன்னேன். “முடியாது அண்ணி. இத விட்டா நான் தினமும் கண்ண மட்டும்தான் நெனச்சிட்டு இருப்பேன்” என்றாள்.

துப்பாக்கியில் குறி பார்ப்பது எப்படி என்று அப்போதுதான் நான் தெரிந்துகொண்டேன். கண்ணுக்குப் பக்கத்தில் ஊசித் துளை மாதிரி ஒரு ஓட்டை, அது பின்சைட். துப்பாக்கியின் மூக்கில் ஒரு சிறு குழாய், அதற்குள் ஒரு வளையம், அது முன்சைட். ஓட்டை வழியாக வளையத்தைப் பார்த்து, அந்த வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டம் நடுவாக உட்காரும்போது சுட வேண்டும். பார்க்கிற இடமே காணாமல் போகிற கண்ணுக்கு இதில் என்ன வேலை?

கிளப்பில் எல்லோரையும் மேய்க்கிற ரேஞ்ச் மாஸ்டர் நல்ல மனுஷன். முதலில் ஒரு டெலஸ்கோப் சைட்டைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். தேர்வில் அதற்கு அனுமதி இல்லை, சும்மா ஆசைக்குச் சுடலாம் என்றார். வலது கண்ணால் பார்த்தால் கறுப்பு பெரிதாகத் தெரியவில்லை, கண்ணின் நடுவில் இருந்த மறைப்பு அதை அப்படியே விழுங்கியது. அடுத்து இடது தோளில் வைத்துச் சுடச் சொன்னார். இரண்டு வாரம் முயன்றாள். கன்னம் படிகிற கட்டை வலதுக்காரர்களுக்குச் செதுக்கியது, தோட்டா போடுகிற கைப்பிடியும் வலப்பக்கம். தலைகீழாக நின்று பல் தேய்க்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து படுத்தாள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் தம்பி தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

“கண்ணு ஏன் சைட்டுகிட்ட போகணும்? சைட்டு கண்ணுகிட்ட வரட்டும்.”

துப்பாக்கி எப்போதும் போல வலது தோளிலேயே இருக்கட்டும், முன்சைட் பின்சைட் இரண்டையும் இடது கண்ணுக்கு நேராக நகர்த்தி வைக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராக்கெட், ஒரு தாங்கி, செய்துவிடலாம் என்றான். சொன்ன கையோடு பையிலிருந்து வெர்னியரை எடுத்தான். கம்பெனியில் தண்டின் விட்டம் அளக்கிற கருவி. சமையலறை மேசையில் அவளை உட்கார வைத்து, கண்மணிக்குக் கண்மணி எவ்வளவு தூரம் என்று அளந்தான். அசையாதே என்று இவன் சொல்ல, சிரிக்க வைக்காதீங்க என்று அவள் சொல்ல, மூன்று தடவை அளந்தும் ஒத்துவரவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் பெண்டாட்டி கண்ணை இவ்வளவு நேரம் இவன் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று நான் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. நாலாவது தடவை அறுபத்திரண்டு மில்லிமீட்டர் என்று சுவர்க் காலண்டரில் எழுதினான்.

முதல் ஜோடி பிராக்கெட்டை அலுமினியத்தில் கடைந்தான். விரலால் தொட்டால் நடுங்கியது. இரண்டாவதற்கு அடியில் இரும்புக் கால் வைத்தான், நடுக்கம் நின்றது. ஆனால் முன்னதும் பின்னதும் உயரத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம். மூன்றாவது ஜோடிதான் உட்கார்ந்தது. ரேஞ்ச் மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் லென்ஸ் எதுவும் இல்லை, அதனால் விதிப்படி தடையும் இல்லை என்று சொல்லிவிட்டு, என் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்தது வளையம். ஒரு சின்ன டப்பா நிறைய வளையங்கள், ஒவ்வொன்றும் ஒரு அளவு. வலது கண்ணுக்கு இத்தனை வருஷம் மூன்று புள்ளி நாலு மில்லி வளையம்தான். இடது கண்ணுக்கு அது பத்தவில்லை. கறுப்பு வளையத்தில் உரசுகிறதா இல்லையா என்று பிடிபடவில்லை. நாலு மில்லி வளையம் போட்டால் சுற்றிலும் வெள்ளை அதிகமாகி, பெரியவன் சட்டையைச் சின்னவன் போட்ட மாதிரி கறுப்பு உள்ளே தொளதொள என்று ஆடியது. மூன்று சனிக்கிழமை இதிலேயே போயிற்று. கடைசியில் மூன்று புள்ளி எட்டில் நிலைத்தாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், “தெளிவாத் தெரியுது அண்ணி” என்றாள். அதில் எவ்வளவு அர்த்தம் இருந்தது என்று எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. அந்த மாதங்களில் ஐம்பது மீட்டர் ரேஞ்சின் பின்சுவரை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பக்கத்தில் இருந்த இருபத்தைந்து மீட்டர் ரேஞ்சில்தான் பாதி அளவு இலக்கு வைத்துப் பழகினார்கள். இது அவர்களுக்குப் புதிது இல்லை, மழைக்காலம் முழுக்க அப்படித்தான். இருபத்தைந்தில் சைட்டைச் சரிசெய்துகொள், ஐம்பதுக்குப் போகும்போது மேலே நாலு கிளிக் திருப்பு, இடம் வலத்தைத் தொடவே தொடாதே. அந்தக் கிளப்பில் நேற்று வந்தவர்களும் இதை ஒப்பிப்பார்கள். கிளிக் என்றால் சைட்டின் திருகை ஒரு நகர்வு நகர்த்துவது. ஐம்பது மீட்டரில் அது குண்டை மூன்று மில்லி தள்ளிப் போடும். இவளும் இருபத்தைந்தில் சைட்டை நடுவுக்குக் கொண்டுவந்தாள். முதல் குண்டு வெகு தூரம் வலப்பக்கம் விழுந்தது. இடப்பக்கம் நாற்பத்தொரு கிளிக் திருப்பிய பிறகு பத்தில் விழ ஆரம்பித்தது. அதற்கப்புறம் வாராவாரம் நல்ல புள்ளிகள்தான்.

தேர்வுக்கு முதல் நாள்தான் சுவர் வேலை முடிந்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கிளப் வாசலை மிதிக்காத நான் அன்றைக்குக் கிளம்பினேன். தம்பி ஆச்சரியமாகப் பார்த்தான். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று சொல்லி வைத்தேன். உண்மை வேறு. அன்று காலை குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்க ரொம்ப நேரம் ஆயிற்று.

நீளமான ஒரு கொட்டகை. தரையில் வரிசையாகப் பாய்கள், எதிரே புல்வெளி, அதன் கோடியில் புதுச் சிமெண்டு மணத்தோடு சுவர். வேடிக்கை பார்க்கிறவர்களுக்குப் பின்னால் ஒரு கம்பித் தடுப்பு, அதற்கு இந்தப் பக்கம் பெஞ்சு. பாயில் இருக்கிறவர்களிடம் யாரும் பேசக் கூடாது. வேண்டுமானால் அவர்கள் எழுந்து வந்து பேசலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. சைட்டைச் சரிபார்க்கிற குண்டுகளுக்கும் கணக்குக் குண்டுகளுக்கும் சேர்த்து மொத்தமே எழுபத்தைந்து நிமிஷம்.

அவள் படுத்தாள், மேலே நாலு கிளிக் திருப்பினாள், முதல் குண்டைச் சுட்டாள். பக்கத்தில் இருந்த தொலைநோக்கியில் இடது கண்ணை வைத்துப் பார்த்தாள். மறுபடி சுட்டாள், பார்த்தாள். ஐந்து குண்டு. பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே கிடந்தாள். பக்கத்துப் பாய்களில் டப் டப் என்று வெடித்துக்கொண்டே இருக்க, இவள் பாயில் மட்டும் சத்தமில்லை. பத்து நிமிஷமாவது இருக்கும். எழுந்து எங்களை நோக்கி வந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை, நேரே என்னிடம்தான் வந்தாள்.

“அண்ணி, போயிடுச்சு.”

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எது போயிற்று என்று எனக்குத் தெரியும். ஐந்து குண்டும் கறுப்புக்கே வெளியே, இடப்பக்கம் வெறும் மூன்று புள்ளி கிடைக்கிற வளையத்தில் கிடக்கின்றன, நான் நடுவில் பார்த்துத்தான் சுட்டேன், நடு என்று நான் பார்ப்பது நடுவே இல்லை போலிருக்கிறது என்றாள். தம்பிக்கு இது எதுவும் புரியவில்லை. அவன் தன் பிராக்கெட் பஸ்ஸில் இடிபட்டு நகர்ந்துவிட்டது என்று நினைத்து முகம் வெளுத்துப்போய் நின்றான். ஆனாலும் தொழில்காரன், கேட்க வேண்டியதைக் கேட்டான்.

“குழி அஞ்சும் சேந்து இருக்கா, செதறி இருக்கா?”

“சேந்துதான் இருக்கு. ஒரு சட்டப் பொத்தான வெச்சா மூடிடும்.”

“அப்ப பிராக்கெட் ஆடல.”

புள்ளி எழுதுகிற மேசையிலிருந்து இரண்டு பென்சிலை எடுத்து, பெஞ்சின் மேல் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தான். உன் கண் பார்க்கிற கோடு இது, குண்டு போகிற கோடு இது என்றான். துப்பாக்கிக் குழாய் வலப்பக்கம் இருக்கிறது, பார்வை அறுபத்திரண்டு மில்லி இடப்பக்கம் இருக்கிறது. இருபத்தைந்து மீட்டரில் இரண்டும் சந்திக்கிற மாதிரி நீ திருப்பி வைத்தாய், இதோ வெட்டிக்கொள்கிற இடம். அதற்கு அப்புறமும் குண்டு சாய்ந்தேதான் போகும், இன்னொரு இருபத்தைந்து மீட்டர் போனால் அதே அறுபத்திரண்டு மில்லி அந்தப் பக்கம் தள்ளி நிற்கும். இடம் வலத்தைத் தொடாதே என்பதெல்லாம் சைட் துப்பாக்கிக் குழாய்க்கு நேர் மேலே இருக்கிறவர்களுக்கு. இது தனக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான்.

அவள் பென்சிலைப் பார்க்கவே இல்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப கண்ணு?”

“கண்ணுக்கு என்ன?”

“இடது கண்ணுங்க. அதுவும் போகலாம்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாங்க. இப்ப போயிடுச்சுன்னு நெனச்சேன்.”

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவளிடம் மெதுவாகச் சொன்னான்.

“கெட்ட கண்ணு அஞ்சு குண்ட ஒரே எடத்துல போடாது. உன் கண்ணு நல்லா இருக்கு. நான் அளந்து சொல்றேன், நல்லா இருக்கு. போ, வலப்பக்கம் இருபத்தொரு கிளிக் திருப்பு.”

அவள் முந்தானை இருந்தால் முகத்தைப் பொத்தியிருப்பாள். துப்பாக்கி சுடுவதற்கான கோட்டு போட்டிருந்ததால் அதன் முரட்டுக் கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதாள். அழுதபடியே திரும்பிப் போய்ப் படுத்தாள். அவள் திருகைத் திருப்புவதைப் பார்த்து நான் இருபத்தொன்று வரை மனசுக்குள் எண்ணினேன்.

முதல் பத்துக் குண்டையும் ஈரக் கண்ணோடு சுட்டாள். எண்பத்தெட்டுதான் வந்தது. அப்புறம் தெளிந்துவிட்டாள். தொண்ணூற்று நாலு, ஐந்து, நாலு, ஐந்து. கடைசிப் பத்துக்கு நேரம் போதாமல் அவசர அவசரமாகச் சுட்டு முடித்தாள், தொண்ணூற்று இரண்டு. ரேஞ்ச் மாஸ்டர் கூட்டிப் பார்த்தார், மறுபடியும் கூட்டினார். ஐந்நூற்று ஐம்பத்தெட்டு. இரண்டு புள்ளி குறைவு.

அன்றைக்கு அங்கே சண்டை போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்தத் துப்பாக்கி எப்போது ஒழியும் என்று பத்தொன்பது வருஷம் புலம்பிய நான்தான். இரண்டு புள்ளியெல்லாம் ஒரு குறையா, இவள் எத்தனை கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறாள், உங்கள் சுவரைச் சீக்கிரம் கட்டி முடித்திருந்தால் இது நடந்திருக்குமா என்று கொட்டகையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். மனுஷன் கண் கலங்க, விதி அப்படி அம்மா, அடுத்த வருஷம் வந்து மறுபடி சுடட்டும் என்றார். அவள் வந்து என் தோளில் கை வைத்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. தேர்வில் தோற்ற முகமா அது?

“விடுங்க அண்ணி. ரெண்டு புள்ளி போனாப் போகுது. கண்ணு இருக்கு.”

துப்பாக்கியை ஒப்படைக்கும் முன்னால் பிராக்கெட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. தம்பி பெஞ்சில் உட்கார்ந்து திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். நான் எதிரே நின்றேன். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கும் ஆறியிருக்கும்.

“நீங்க ரெண்டு பேரும் இத்தன மாசமா தெனமும் பயந்துட்டு இருந்திருக்கீங்க. நான் அதே வீட்ல உக்காந்து டிவி பாத்துட்டு இருந்திருக்கேன்” என்றான். கடைசித் திருகில் அவன் ஸ்பானர் இரண்டு தடவை நழுவியது.

அவள் அவன் கையிலிருந்து ஸ்பானரை வாங்கி, அந்தத் திருகைத் தானே கழற்றினாள்.

“சரி விடுங்க. இனிமே மூணு பேரும் சேந்தே பயப்படலாம்” என்றாள்.